கார்டுக்கு ஒரு ஸ்கேல் போதாது

ஆசிரியருக்கு,

ஒவ்வொரு கார்டுக்கும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) ஒரு ஸ்கேலைப் (சுர வரிசை) பொருத்திக்கொண்டால் ஜாஸ் இம்ப்ரொவைசேஷன் (அந்தக் கணத்துக் கற்பனையில் வாசிப்பது) கைவந்துவிடும் என்ற எண்ணத்தைத் தங்கள் கட்டுரை தருகிறது. வேகமான பாட்டில் அதற்கு அவகாசம் இல்லை. அவகாசம் கிடைத்தாலும் கேட்பவர் காதில் விழுவது ஸ்கேல் சாதகம்தான். பாட்டு எந்தக் கீயில் (ஆதார சுரமும் அதன் ஸ்கேலும்) எத்தனை பார் (தாளக் கட்டம்) தங்குகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஜெரோம் கெர்ன் 1939-இல் இசையமைத்த 'ஆல் தி திங்ஸ் யூ ஆர்' பாட்டில் 36 பார்கள். எஃப் மைனர் செவன், பி பிளாட் (பி-க்கு அரைச்சுரம் கீழே) மைனர் செவன், ஈ பிளாட் செவன், ஏ பிளாட் மேஜர் செவன், டி பிளாட் மேஜர் செவன் என முதல் ஐந்து பாரில் ஐந்து கார்டுகள். ஐந்துக்கும் ஏ பிளாட் மேஜர் ஸ்கேல் ஒன்றே போதும். ஆறாவது பாரில் ஜி செவன் வந்து சி மேஜருக்குத் திருப்புகிறது. பலரும் தடுமாறுவது இங்கேதான். ஏ பிளாட் ஸ்கேலில் பழகிய விரல் ஈ பிளாட்டை விடாது; சி மேஜருக்கு வேண்டியதோ ஈ. ஜி செவன் மேல் அது காரமாக ஒலித்துத் தப்பித்துவிடும். ஏழாவது பாரில் சி மேஜர் வந்ததும் அப்பட்டமான பிசகு. அடுத்த எட்டு பாரிலும் இதே நடைதான், ஈ பிளாட்டிலிருந்து ஜி-க்கு.

கீ தெரிந்த பிறகு ஒவ்வொரு கார்டிலும் அதன் பெயர்ச் சுரத்திலிருந்து எண்ணினால் வரும் மூன்றாம், ஏழாம் சுரங்களை மட்டும் மெதுவாக வாசித்துப் பாருங்கள். பி பிளாட் மைனரின் ஏ பிளாட் அரைச்சுரம் இறங்கி ஈ பிளாட் செவனின் ஜி ஆகும். டி பிளாட் அசையாது. அடுத்த கார்டில் ஜி நிற்க, டி பிளாட் சி-க்கு இறங்கும். கெர்னின் மெட்டே பெரும்பாலும் மூன்றாம் சுரங்களில்தான் வந்து நிற்கிறது. அதனால் மெட்டைப் பாடத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

எனக்கு இந்தப் பாட்டில் மிகப் பிடித்த இடம் பிரிட்ஜின் (நடுப்பகுதி) முடிவு. 23-ஆவது பாரில் ஈ மேஜரின் மூன்றாம் சுரம் ஜி ஷார்ப் (ஜி-க்கு அரைச்சுரம் மேலே). 24-இல் சி ஆக்மென்டட் செவன் வரும்போது பியானோவின் அதே கட்டை ஏ பிளாட் என்று பெயர் மாறுகிறது; 25-இல் எஃப் மைனரின் மூன்றாம் சுரமாகிறது. அந்த ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டால் ஈ-யிலிருந்து ஏ பிளாட்டுக்குப் பதறாமல் வந்துவிடலாம்.

லீட் ஷீட்டுகள் (மெட்டும் கார்டு பெயர்களும் எழுதிய தாள்கள்) ஒன்றுபோல் இருக்காது. 30-ஆவது பாரில் சிலவற்றில் டி பிளாட் மைனர், சிலவற்றில் ஜி பிளாட் செவன். எதுவானாலும் முந்தைய பாரின் எஃப் அரைச்சுரம் இறங்கியாக வேண்டும். அதை வாசித்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு பியானோ ஆசிரியர்