கடைசி டோஸிலிருந்து எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலில் மருந்து எச்சம் என்ற பேச்சு கிளம்பினாலே கடையில் பாக்கெட்டை எடுத்துச் சோதியுங்கள் என்கிறோம். அதற்குள் நூறு மாட்டுப் பால் ஒன்றாகிவிட்டிருக்கும். எந்த மாடு, எந்தப் பண்ணை என்று அங்கே எப்படிப் பிடிப்பது?

கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர நெறியின் வரம்புப்படி ஒரு கிலோ பாலில் பென்சில்பெனிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து 4 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. 10,000 லிட்டர் தொட்டியை அந்த விளிம்புக்குக் கொண்டுபோக 40 மில்லிகிராம் போதும். மடிநோய்க்குக் காம்பு வழியே ஏற்றும் ஒரு பெனிசிலின் ட்யூபில் அதைவிட அதிகமாகவே இருக்கும். காய்ச்சினால் போய்விடும் என்று நம்பவும் வழியில்லை. பெரும்பகுதி கொதியைத் தாங்கி நிற்கும். உறை ஊற்றிய பால் தயிராகாமல் தண்ணீராக நின்றால் இதையும் சந்தேகிக்கலாம்.

பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று கலப்பதில்லை, கணக்கில்தான் கோட்டை விடுகிறார்கள். ஒரு காம்புக்கு மருந்து ஏற்றிவிட்டு மற்ற மூன்று காம்புப் பாலை விற்பனைக்கு ஊற்றுவது முதல் தவறு. மருந்து ரத்தம் வழியாக அவற்றுக்கும் போகும். நான்கையும்தான் ஒதுக்க வேண்டும். மருந்து போட்டபின் பாலை விற்காமல் ஒதுக்க வேண்டிய விலக்குக் காலத்தை முதல் டோஸிலிருந்து எண்ணுவது அடுத்தது. கடைசி டோஸிலிருந்துதான் எண்ண வேண்டும். நோய் கேட்கவில்லையே என்று கூடுதலாக ஒரு ட்யூப் போட்டால் அட்டையில் அச்சிட்ட மணிக்கணக்கு செல்லாது, மருத்துவர்தான் புதிதாகச் சொல்ல வேண்டும். அடுத்த ஈற்றுக்கு முன் கறவையை நிறுத்தி மாட்டை வற்றவைக்கும்போது ஏற்றும் மருந்து இன்னும் வம்பு. வாரக்கணக்கில் மடியில் தங்கும்படியே அதைத் தயாரிக்கிறார்கள். மாடு நாள் முந்தி ஈன்றால், சீம்பால் முடிந்ததும் ஊற்றலாம் என்ற வழக்கமான கணக்கு பொய்த்துவிடும்.

ஆகவே சட்டம் முதலில் கேட்க வேண்டியது தொழுவத்தில் ஒரு சிகிச்சைப் பேரேடு. காது வில்லை எண், மருந்து, அளவு, கடைசி டோஸ் போட்ட நாளும் மணியும், பாலை மறுபடி ஊற்றத் தொடங்கிய வேளை, இவ்வளவு எழுதினால் போதும். மாட்டின் பின்னங்காலில் ஒரு சிவப்புப் பட்டை கட்டுவது அதைவிட முக்கியம் என்பேன். கறப்பவர் பேரேட்டைப் பார்க்கப் போவதில்லை. கொள்முதல் இடத்திலோ, தொட்டியில் கொட்டுவதற்கு முன்பே, மருந்து எச்சத்தைக் காட்டும் சோதனைப் பட்டையைப் பாலில் தோய்த்துப் பார்க்க வேண்டும், பண்ணைவாரியாக மாதிரியும் எடுத்து வைக்க வேண்டும்.

அபராதத்தை மட்டும் ஏற்றினால் மறைப்பதுதான் கூடும். பால் கிளம்பும் முன் தானாகவே சொல்பவருக்கு அபராதம் கிடையாது என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்