செயலிக் கூலரைத் தேர்ந்தெடுக்கும் முன் காற்று போகும் வழியைப் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே கணினியைப் பொருத்திக்கொள்ள விரும்புவோருக்காகத் தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மதர்போர்டு, ரேம், மின்வழங்கி ஆகியவற்றைப் பற்றி விரிவாகவும் சரியாகவும் எழுதியிருந்த கட்டுரையாளர், செயலியின் (சிபியு) மேல் அமர்ந்து அதன் வெப்பத்தை அகற்றும் கூலரைப் பற்றி மட்டும் இரண்டே வரிகளில் முடித்துவிட்டார். கூலரின் பெட்டி மேல் அச்சிட்டிருக்கும் வாட் எண், செயலியின் வெப்ப அளவாக நிறுவனம் குறிப்பிடும் டிடிபி எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்பது முதல் வரி. வசதி உள்ளவர்களுக்குத் தண்ணீரில் குளிரும் வகையே எப்போதும் சிறந்தது என்பது இரண்டாவது வரி. இந்த இரண்டையும் நம்பிப் பொருள் வாங்குகிறவர்கள் வீணாக அலைக்கழிய நேரும் என்பதை நானே பட்டு அறிந்திருக்கிறேன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

டிடிபி என்று குறிப்பிடப்படும் எண், செயலி முழு வேகத்தில் ஓடும்போது எடுத்துக்கொள்ளும் மின்திறனைக் காட்டுவதில்லை. இன்டெலின் கோர் ஐ9-13900கே செயலிக்கு அந்நிறுவனமே இரண்டு எண்களைத் தருகிறது: அடிப்படை மின்திறன் 125 வாட், வேகத்தைக் கூட்டி ஓடும் டர்போ நிலையில் உச்ச மின்திறன் 253 வாட். எளிய செயலி என்று பலர் நினைக்கும் கோர் ஐ5-13400-க்கும் இவை முறையே 65 வாட், 148 வாட். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் (மதர்போர்டில் செயலி அமரும் இடம்) பொருந்தும் செயலிகளில் 105 வாட் டிடிபி என்று சொல்லப்படுபவை 142 வாட் வரையிலும், 170 வாட் என்று சொல்லப்படுபவை 230 வாட் வரையிலும் எடுக்க அனுமதிக்கப்பட்டுள்ளன. கூலர் பெட்டியின் மேலுள்ள எண்ணோ இதைவிட நிச்சயமற்றது. அறை எந்த வெப்பநிலையில் இருந்தது, விசிறி எந்த வேகத்தில் சுழன்றது, செயலியை எவ்வளவு சூடேற விட்டார்கள் என்பவற்றைப் பொறுத்து ஒரே கூலருக்கு 150 என்றும் போடலாம், 250 என்றும் போடலாம். எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் ஒரே அளவுமுறை இதற்குக் கிடையாது. நோக்டுவா நிறுவனம் வாட் எண்ணைத் தவிர்த்துத் தன் கூலர்களுக்கென்று தனி மதிப்பீட்டு முறை ஒன்றை வைத்துக்கொண்டிருப்பதற்கும் இந்தக் குழப்பமே காரணம் என்று கருதுகிறேன். ஆகவே, வாங்குகிறவர் பார்க்க வேண்டியது தம் செயலியின் உச்ச மின்திறனையும், அதே செயலியில் அந்தக் கூலரைப் பொருத்திச் சோதித்தவர்கள் பதிவு செய்த வெப்பநிலையையும்தான்.

வெப்பத்தின் அளவோடு, அது எவ்வளவு சிறிய இடத்திலிருந்து கிளம்புகிறது என்பதும் முக்கியம். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் கணக்கிடும் கருக்கள் (கோர்கள்) எட்டு வரை ஏறத்தாழ 70 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள ஒரே சிறு சில்லில் அடங்கிவிடுகின்றன. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து வெப்பத்தை வெளியே இழுப்பதற்குள் அது சூடேறிவிடும். மேலே எவ்வளவு பெரிய கூலர் உட்கார்ந்திருந்தாலும் இந்த முதல் தடையை அதனால் முழுவதும் நீக்க முடியாது. இதை அறிந்தே ஏஎம்டி அந்த வரிசையின் உயர்நிலைச் செயலிகளை 95 டிகிரி செல்சியஸ் வரை தொடர்ந்து இயங்கும்படி வடிவமைத்திருக்கிறது. கனமான வேலையின்போது 95 என்ற எண்ணைக் கண்டு பதறி ஒன்றன்பின் ஒன்றாகக் கூலர்களை மாற்றுகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. அவர்களில் பெரும்பாலோருக்கு, பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) மின்திறன் வரம்பைச் சற்றுக் குறைப்பதே கூடுதல் பலன் தரும். வேகத்தில் இழப்பது சிறிது, வெப்பத்தில் குறைவது மிகுதி.

இனி என் அனுபவத்தைச் சொல்கிறேன். முகப்பு முழுவதும் கண்ணாடி பதித்த அழகான கேபினெட் ஒன்றில் கணினியைப் பொருத்தினேன். கிராபிக்ஸ் கார்டும் செயலியும் சேர்ந்து உழைக்கும்போது செயலி 91 டிகிரிக்குப் போயிற்று, விசிறிகளின் இரைச்சலோ பக்கத்து அறை வரை கேட்டது. கூலர்தான் போதவில்லை என்று முடிவு செய்து, ஆறு வெப்பக் குழாய்களும் இரண்டு விசிறிகளும் கொண்ட பெரிய கூலரை வாங்கி மாட்டினேன். வெப்பநிலை மூன்று டிகிரிதான் இறங்கியது. சில வாரங்கள் கழித்து, தூசி துடைப்பதற்காக முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே கணினியை ஓட்டியபோது, அதே வேலைக்கு 78 டிகிரிதான் காட்டியது. அதுவரை விசிறிகள் காற்றை உறிஞ்ச, கண்ணாடியின் ஓரத்தில் விரலளவுகூட இல்லாத ஒரு சந்து மட்டுமே இருந்திருக்கிறது. புதிய கூலரைக் குறை சொல்ல ஏதுமில்லை. அதற்கு நான் சூடான காற்றையே ஊட்டிக்கொண்டிருந்தேன்.

கூலர் என்ற பெயரே மயக்கம் தருவது. அது எதையும் தானாகக் குளிர்விப்பதில்லை, செயலியின் வெப்பத்தைத் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்கு மாற்றித் தருகிறது. வெப்பக் குழாய்க்குள், காற்று நீக்கப்பட்ட வெற்றிடத்தில் சிறிதளவு நீர் இருக்கிறது. அது செயலியின் பக்கம் ஆவியாகி, தகடுகளின் பக்கம் சென்று குளிர்ந்து நீராகி, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் வழியே மீண்டும் திரும்பிவருகிறது. அந்தத் தகடுகளைத் தழுவிச் செல்லும் காற்று பத்து டிகிரி கூடுதலாகச் சூடாயிருந்தால், செயலியும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி கூடுதலாகவே இருக்கும். கேபினெட்டுக்குள் காற்று எவ்வளவு சூடாகும் என்பதையும் எளிதாகக் கணக்கிடலாம். செயலியும் கிராபிக்ஸ் கார்டும் மற்றவையும் சேர்ந்து 500 வாட் வெப்பத்தை வெளியிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்று மட்டுமே கேபினெட்டைக் கடந்து சென்றால், அந்தக் காற்று உள்ளே நுழைந்ததைவிடச் சராசரியாக 25 டிகிரி கூடுதல் சூட்டுடன் வெளியேறும். இரண்டு கன மீட்டர் சென்றால் இந்த ஏற்றம் பன்னிரண்டரை டிகிரியாகக் குறைந்துவிடும். கூலரை மாற்றி இந்த அளவு வித்தியாசத்தைப் பெறுவது எளிதன்று.

ஆகையால் முதலில் கேபினெட்டைப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். முன்பக்கம் வலையாக இருக்கட்டும். முன்னால் இரண்டு விசிறிகள் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்கு அதுவே போதும். உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும்படி அமைத்தால், தூசி சந்துபொந்துகள் வழியே புகாமல், வடிகட்டி உள்ள வழியாக மட்டுமே காற்று நுழையும். மேற்கூரையின் முன்பகுதியில் வெளியே தள்ளும் விசிறியைப் பொருத்துவது பலர் செய்யும் பிழை. முன்னாலிருந்து வரும் குளிர்ந்த காற்றைச் செயலியின் கூலருக்கு எட்டுமுன்பே அது மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். விசிறி எந்தத் திசையில் காற்றைத் தள்ளுகிறது என்று தெரியாமல் தலைகீழாகப் பொருத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். விசிறியின் நடுப்பகுதியைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் எந்தப் பக்கம் தெரிகின்றனவோ, பொதுவாக அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியேறும்.

விசிறியைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கணினியோடு நாள்தோறும் வாழ்கிறவருக்கு ஐந்து டிகிரி வெப்பநிலையைவிட இரைச்சலே பெரிய விஷயம். விசிறியின் சுழற்சி வேகத்தைப் பாதியாக்கினால், அது தள்ளும் காற்றும் பாதியாகும். ஆனால் அழுத்தம் நான்கில் ஒன்றாகவும், எடுக்கும் மின்திறன் எட்டில் ஒன்றாகவும், இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபலும் குறையும். நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும் ஒரு விசிறிக்குப் பதிலாக 750 முறை சுழலும் இரண்டை வைத்தால், தடையில்லாத இடத்தில் அதே அளவு காற்று கிடைக்கும். இரண்டு விசிறிகள் என்பதற்காக 3 டெசிபலைக் கூட்டிக்கொண்டாலும், முன்பைவிட 12 டெசிபல் அமைதியாக இருக்கும். பெரிய விசிறி, கூடுதல் விசிறி, மெதுவான சுழற்சி என்ற வழியில் போகிறவர்கள் ஏமாறுவதில்லை. பெட்டியில் போடப்படும் காற்றளவும் அழுத்தமும் ஒரே நேரத்தில் கிடைக்காதவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்: உச்சக் காற்றளவு முன்னால் எந்தத் தடையும் இல்லாதபோது அளக்கப்படுவது, உச்ச அழுத்தமோ காற்றே நகராதபடி அடைத்து அளக்கப்படுவது. நெருக்கமான தகடுகளுக்கும், தண்ணீர்க் கூலரில் சூடான நீர் குளிரும் ரேடியேட்டருக்கும் அழுத்தம் கூடிய விசிறி வேண்டும். வலைக்குப் பின்னால் திறந்த இடத்தில் நிற்கும் விசிறிக்கு அது அவ்வளவு தேவையில்லை. நான்கு பின் கொண்ட பிடபிள்யூஎம் விசிறியை வாங்குவது நல்லது, அதன் வேகத்தை மிகவும் தாழ்த்தி நுட்பமாகக் கட்டுப்படுத்தலாம்.

விசிறி கூச்சலிட்டு அடங்கி, மீண்டும் கூச்சலிடுவதாகப் பலர் வருந்துகிறார்கள். சிறு சில்லுகள் ஒரு நொடிக்குள் இருபது டிகிரி ஏறி உடனே இறங்கும் இயல்புடையவை. விசிறி அந்த ஒவ்வொரு துள்ளலையும் துரத்திக்கொண்டு ஓடுகிறது. பயாஸில் விசிறியின் வேக வளைவைத் (எந்த வெப்பநிலைக்கு எவ்வளவு வேகம் என்ற அமைப்பை) தாழ்த்தி, வேகம் மாறுவதற்கு முன் சில நொடிகள் தாமதிக்கும்படி அமைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். எதையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

கூலர் பொருந்துமா என்பது அடுத்தது. நோக்டுவா என்எச்-டி15 கூலரின் உயரம் 165 மி.மீ.; கேபினெட் 160 மி.மீ. வரைதான் அனுமதிக்குமானால் பக்கவாட்டுக் கதவு மூடாது. உயரமான ரேம் மேல் முன் விசிறி இடித்தால் விசிறியை மேலே நகர்த்த வேண்டியிருக்கும், அப்போது மொத்த உயரமும் கூடிவிடும் என்பதால், ரேமின் உயரத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும். பழைய கூலரைப் புதிய மதர்போர்டில் மாட்ட விரும்புவோர், இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் திருகுத் துளைகளுக்கு இடையிலான தூரம் 75 மி.மீட்டரிலிருந்து 78 மி.மீட்டராக மாறியதைக் கவனிக்க வேண்டும். அதற்கேற்ற பொருத்திகளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். ஏஎம்டியில் முந்தைய ஏஎம்4 சாக்கெட்டுக்கு வந்த கூலர்களில், மதர்போர்டின் பின்புறம் அதோடு வரும் பின்தகட்டையே பயன்படுத்துபவை ஏஎம்5-லும் பொருந்தும். தனக்கெனத் தனிப் பின்தகடு கொண்டவை பொருந்தா.

தண்ணீர்க் கூலர்களை நான் வெறுப்பவன் அல்லன். 250 வாட் அளவுக்கு நீண்ட நேரம் உழைக்கும் செயலிக்கு 360 மி.மீ. ரேடியேட்டர் உண்மையிலேயே உதவும். உயரம் போதாத கேபினெட்டுக்கும் அது வழி செய்யும். ஆனால் அதுவும் கடைசியில் வெப்பத்தைக் காற்றுக்கே விடுகிறது, அதற்கும் விசிறிகள் வேண்டும், அவற்றோடு தேய்ந்துபோகக்கூடிய பம்பு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல நீர் குழாய்ச் சுவர் வழியே மெல்லக் கசிந்து ஆவியாவதால் உள்ளே காற்றுக் குமிழி சேரும். அந்தக் குமிழி எப்போதும் மிக உயரமான இடத்தையே நாடும் என்பதால், பம்பு ரேடியேட்டரின் உச்சியைவிடத் தாழ்வாக இருக்கும்படி பொருத்த வேண்டும். தங்கள் கட்டுரையில் இந்த எச்சரிக்கை இல்லாதது எனக்கு வருத்தம் தந்தது. உச்சத்திலும் 150 வாட்டைத் தாண்டாத செயலிக்கு, ஒழுங்காகக் காற்றோட்டமுள்ள கேபினெட்டில் நல்லதொரு காற்றுக் கூலர் தாராளமாகப் போதும். பத்து ஆண்டுகள் கழித்து அதில் பழுதாவதும் விசிறி மட்டும்தான், அதைத் தனியே மாற்றிக்கொள்ளலாம்.

தெர்மல் பேஸ்ட் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் பெற்ற பேஸ்ட்களுக்கு இடையே உள்ள வேறுபாடு சில டிகிரிகளே. கூலரின் அடித்தகட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் காகிதத்தை உரித்தோமா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். காலியம் கலந்த திரவ உலோகத்தை மட்டும் அலுமினிய அடித்தகட்டின் மேல் ஒருபோதும் பூசக் கூடாது, அலுமினியத்தை அது அரித்துவிடும்.

இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, பரிந்துரைக்கும் செயலியின் டிடிபியோடு உச்ச மின்திறனையும், கூலரின் உயரத்தையும், கேபினெட் ஏற்கும் கூலர் உயரத்தையும், அதன் முகப்பு வலையா கண்ணாடியா என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு தங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். இந்த நான்கு விவரங்களும் ஒரு வரியில் அடங்கிவிடும். அந்த ஒரு வரி அன்று என் கண்ணில் பட்டிருந்தால் இரண்டாவது கூலரை நான் வாங்கியிருக்கவே மாட்டேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்