அரை டம்ளரோடு ஒரே வீட்டிலா?

மேற்கு மாம்பலம்,
சென்னை.

அன்புள்ள சரசு,

முழங்கால் எப்படி இருக்கிறது? பிசியோகாரப் பெண் சொல்லிக் கொடுத்ததைச் செய்கிறாயா, இல்லை அவள் படி இறங்கியதும் காலை நீட்டி சீரியல் பார்க்கிறாயா? இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவனுக்கு அதே வேலை, அதே புலம்பல். சின்னவளுக்கு இன்னும் ஜாதகம் வந்துகொண்டிருக்கிறது. விமலாவை ரங்கநாதன் தெருவில் பார்த்தேன். குடையோடுதான். சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பில்டிங்கை இடிக்கப் போகிறார்கள். ஒன்பது வீட்டில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. 2022-இல் வந்த அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சரி என்றால் போதுமாம், அதனால் மேல் மாடி மாமா முறைத்துக்கொண்டு நிற்பதால் ஒன்றும் ஆகப் போவதில்லை. எனக்கு இதில் வருத்தமும் இல்லை. நாங்கள் குடி வந்தபோது வாசலில் இறங்கத்தான் படி இருந்தது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் போட்டு, இப்போது தெருவுக்குப் போக ஏற வேண்டியிருக்கிறது. ஒரு மழை பெய்தால் கீழ் வீட்டில் கட்டில் மிதக்கிறது. 2003-இல் நம் ராணி மேரி கல்லூரியை இடித்துத் தலைமைச் செயலகம் கட்டப் போகிறார்கள் என்றதும் லீவு போட்டுவிட்டுப் போய் அந்தப் பெண்களோடு கத்தினோமே, அந்தக் கல்யாணிதான் இப்போது சொந்த வீட்டை இடிக்கச் சம்மதப் பத்திரம் கொடுத்திருக்கிறாள். சிரி, சிரி.

கட்டி முடிக்க இரண்டு வருஷம் என்கிறார்கள், நீ மூன்று என்று வைத்துக்கொள். அதுவரை வாடகைப் பணத்தை பில்டர் மாதாமாதம் கொடுத்துவிடுவார். எங்கே குடி போவது என்பதுதான் கேள்வி. இந்த இடத்தில்தான் இவருடைய ஆபீஸ் சிநேகிதர், நம் அரை டம்ளர், உள்ளே வருகிறார்.

"சிஸ்டர், ஒரு யோசனை சொல்லட்டுமா?" என்றார் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே. "என் வீட்டை வாடகைக்கு விட்டுடறேன். அசோக் நகர்லயே மூணு பெட்ரூம் வீடா எடுத்துடுவோம். உங்களுக்கு ரெண்டு ரூம், எனக்கு ஒண்ணு. செலவுல நான் பாதி."

கரண்டியும் கையுமாக நின்று இவரைப் பார்த்தேன். இவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அப்பளம் இருக்கா?"

உனக்கு அரை டம்ளரைத் தெரியும். பெரியவன் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர், நீ சம்பந்தி என்று நினைத்துக் கும்பிட்டாயே, அவரேதான். 2020 ஜனவரி 31-ஆம் தேதி பி.எஸ்.என்.எல்.லில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நாடு முழுக்க 78,000 பேருக்கு மேல் ஒரே நாளில் வெளியே வந்தார்கள் அல்லவா, அதில் இவர்கள் இரண்டு பேரும் உண்டு. மற்ற வீடுகளில் என்ன நடந்ததோ, எங்கள் வீட்டில் ஒருவர் ரிட்டையர் ஆனதற்கு இரண்டு பேர் வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கொஞ்சம் மூச்சு விட்டேன். அப்போதும் காலை ஏழு மணிக்கு வீடியோ கால் வந்துவிடும். போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்து இவர் இங்கே காபி குடிப்பார், அவர் அங்கே குடிப்பார்.

அப்போதாவது அவருக்கு ஒரு வீடு, வீட்டில் ஒரு மனைவி என்று இருந்தது. பேரன் பிறந்து அந்த அம்மாள் பெங்களூர் போனார். மகள் வேலைக்குப் போகிறாள், குழந்தையை யார் பார்ப்பது என்று அங்கேயே தங்கிவிட்டார். அரை டம்ளரும் போய்ப் பார்த்தார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, காபி ஒத்துக்கொள்ளவில்லை, மருமகனோடு பேச விஷயம் இல்லை. திரும்பி வந்துவிட்டார். அசோக் நகருக்கு வந்தார் என்று பேர், வந்தது எங்கள் வீட்டுக்குத்தான்.

ஏழு மணிக்கு மணி அடிக்கும். நான் நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கதவைத் திறக்க வேண்டும். என் வீட்டில் நான் துண்டு போடாமல் நடந்து எத்தனை காலம் ஆகிறது தெரியுமா? "அரை டம்ளர் போதும் சிஸ்டர்" என்பார். அந்த அரை, எட்டு மணிக்கு ஒரு தரம், பதினொன்றுக்கு ஒரு தரம், நான்குக்கு ஒரு தரம். இரண்டாவது டிகாக்ஷன் இறக்கினால் "இன்னிக்கு கொஞ்சம் லைட்டா இருக்கே" என்று கண்டுபிடித்தும் விடுவார். மாவு இரண்டு நாளில் காலி. பேப்பர் என் கைக்கு வரும்போது குறுக்கெழுத்து நிரப்பியிருக்கும். மத்தியானம் ஹாலில் ஃபேன் அடியில் கொஞ்சம் தலை சாய்க்கலாம் என்றால் அங்கே கிரிக்கெட். சின்னவள் போன் செய்தால் நடுவில் அவர் குரல் கொடுப்பார். அவளுக்கு வரும் ஜாதகத்தை எனக்கு முன்னால் அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏழுல செவ்வாய், வேண்டாம் சிஸ்டர்" என்று திருப்பிக் கொடுக்கிறார். பெற்றவள் நான்டீ!

இதில் அவர் மனைவி வேறு பெங்களூரிலிருந்து எனக்குப் போன் போட்டு, பிரஷர் மாத்திரை சாப்பிட்டாரா என்று விசாரிக்கிறார். கட்டிக்கொண்டது ஒருவரை, மாத்திரை எண்ணுவது இரண்டு பேருக்கு.

கெட்ட மனுஷராக இருந்தால் எனக்கு வேலை சுலபம். அப்படி இல்லையே. குழாய் ஒழுகினால் வாஷர் வாங்கி வந்து அவரே மாட்டுகிறார். கரண்ட் பில், வீட்டு வரி எல்லாம் அவர் போனிலேயே கட்டிவிட்டுப் பிறகுதான் சொல்கிறார். ஒரு வார்த்தை தப்பாகப் பேசியது கிடையாது, ஒரு பார்வை தப்பாகப் பார்த்தது கிடையாது. 2015 வெள்ளம் ஒன்று போதும், நான் வாயைத் திறக்க முடியாமல் போக. டிசம்பர் 1 ராத்திரி தண்ணீர் ஏறியது, கரண்ட் இல்லை, போன் செத்துவிட்டது. மாமியாருக்கு இன்சுலின் தீர்ந்துபோய் நாங்கள் விழித்துக்கொண்டிருக்கிறோம். மறுநாள் ஹிந்து பேப்பரே வரவில்லை. அச்சகத்துக்கு ஆட்கள் போக முடியாமல், 1878-இல் ஆரம்பித்த பத்திரிகை முதல் முறையாகச் சென்னையில் அச்சாகாத நாள் அது. ஆனால் அரை டம்ளர் வந்தார். இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரில், தலை மேல் பையைப் பிடித்துக்கொண்டு. பையில் இன்சுலின், பால் பாக்கெட், மெழுகுவர்த்தி. மாமியார் கடைசி வரை அவரை "என் மூணாவது பிள்ளை" என்றுதான் சொன்னாள். அப்படிப்பட்ட ஆளிடம் போய், நாளைக்கு வராதீங்க என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் சரசு, காபியும் துண்டும் இருக்கட்டும். எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. எங்கள் வீட்டில் சண்டையே நடப்பதில்லை. நீ நினைப்பாய், நல்லதுதானே என்று. இல்லை. இவர் தம்பிக்காக என்னைக் கேட்காமல் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அது தெரிந்த நாள் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எதிரே அரை டம்ளர் தோசைக்குக் காத்திருக்கிறார். "சட்னி போடட்டுமா?" என்று கேட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, எனக்குக் கோபமும் இல்லை, தெம்பும் இல்லை. படுத்தால் போதும் என்றிருக்கும். இப்படியே போடாத சண்டைகள் எத்தனையோ சேர்ந்துவிட்டன. சண்டை போடாவிட்டால் சமாதானமும் ஆக முடியாது, பார்த்துக்கொள்.

இன்னொன்றும் சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. பேரனுக்குக் காது குத்து என்று அரை டம்ளர் ஒரு வாரம் பெங்களூர் போயிருந்தார். அப்பாடா என்று இருந்தது. பழைய சினிமா பார்ப்போம், மெரீனாவுக்குப் போவோம் என்றெல்லாம் மனசுக்குள் திட்டம். முதல் நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். இவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். நான் மோரை ஊற்றிக்கொண்டேன். பேச ஒன்றுமே இல்லை. இவர் எழுந்து போய் டி.வி.யைப் போட்டார். அந்த வாரம் முழுக்க நாங்கள் பேசியதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம், அதிலும் பாதி இடம் மிஞ்சும். எனக்குப் பயமாகிவிட்டது. அரை டம்ளர் இவருக்கு நண்பர் மட்டும்தானா, இல்லை என்னோடு தனியாக உட்காராமல் இருக்க ஒரு வழியா?

சரி, அந்த மூன்று பெட்ரூம் யோசனைக்கு வருகிறேன். இவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அரை டம்ளர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு புரோக்கரிடம் பேச ஆரம்பித்துவிட்டார். இதற்கிடையில் பில்டர் ஒரிஜினல் பத்திரம் கேட்டார். அது பேங்க் லாக்கரில் இருக்கிறது. கிளம்பினோம். அரை டம்ளரும் கிளம்பினார், கேட்கவா வேண்டும். ஆனால் லாக்கர் இவர் பெயரிலும் என் பெயரிலும். ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிய பெண், "சார், நீங்க இங்கே உட்காருங்க" என்று அவருக்கு வெளியே நாற்காலியைக் காட்டிவிட்டாள். அந்தப் பெண் நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

பத்திரத்தை எடுத்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு இவர் "போலாமா?" என்றார். நான் நகரவில்லை.

"அந்த வீட்டு விஷயத்துல ஏன் வேண்டாம்னு சொல்லலை?"

"அப்புறம் பேசலாமே."

"அப்புறம்னா எப்போ? அவர் எதிரிலேயா?"

குரலை உயர்த்தினால் வெளியே கேட்கும். அதனால் ஜாமீன் கையெழுத்திலிருந்து துண்டு வரைக்கும், சேர்த்து வைத்த அத்தனையையும் கிசுகிசுவென்றே கொட்டினேன். இவரும் கிசுகிசுவென்றே பதில் சொன்னார். நடுவில் அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "சாவி திரும்பலையா மேடம்?" என்றாள். கடைசியில் இவர் சொன்னார்: "அவன் இருந்தா நீ சிரிக்கிறே. நாம ரெண்டு பேர்னா கேஸ் புக் பண்ணியாச்சா, மாத்திரை போட்டாச்சா, இதானே பேச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் எதிரில் நான் சிரிப்பது வந்தவர் எதிரில் எல்லோரும் சிரிக்கிற சிரிப்பு. அது இவருக்குத் தெரியவில்லையா? அல்லது தெரிந்தும், அதுவாவது கிடைக்கட்டும் என்று இருக்கிறாரா? எது என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. வெளியே வந்தால் அரை டம்ளர், "என்ன சிஸ்டர், நகையெல்லாம் எண்ணிப் பாத்தீங்களா?" என்கிறார்.

அன்று சாயந்திரம் மாடியில் துணி எடுக்கப் போன சாக்கில் பெங்களூருக்குப் போன் செய்தேன். எப்போது வருவீர்கள் என்று நேராகவே கேட்டேன். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேரன் எட்டு மணிக்குத் தூங்கிடறான். அதுக்கப்புறம் எனக்குன்னு ரெண்டு மணி நேரம் இருக்கு. கல்யாணம் ஆனதிலேர்ந்து இப்பத்தான் அது கிடைச்சிருக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்தது, பொறாமையும் வந்தது. போனை வைப்பதற்கு முன் மறக்காமல், "ராத்திரிக்கும் ஒரு மாத்திரை உண்டு, சொல்லிடுங்க" என்றார். எப்படி!

இப்போது நிலவரம் இதுதான். நங்கநல்லூரில் இரண்டு பெட்ரூம் வீடு ஒன்று நானே போய்ப் பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து மணி வரை வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும், ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்படியே என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். இவரும் தலையாட்டினார். ஆனால் நண்பரிடம் இவர்தான் சொல்ல வேண்டும் என்றேன். சொன்னார். எப்படித் தெரியுமா? "கல்யாணி சொல்றா, நமக்கு ரெண்டு பெட்ரூம் போதும்னு." பழி என் தலையில்.

அரை டம்ளர் முகம் கொஞ்சம் சுண்டியது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் சும்மா இருந்தேன். அப்புறம் அவரே தேறிக்கொண்டு, "அதனால என்ன சிஸ்டர், மெட்ரோ இருக்கே. அசோக் நகர்ல ஏறி ஆலந்தூர்ல மாறினா அடுத்த ஸ்டேஷன் நங்கநல்லூர் ரோடு" என்றார். மறுநாளே மெட்ரோ கார்டு வாங்கிக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை இவர் இன்னும் சொல்லவில்லை. குடி போவதற்குள் சொல்லிவிடுவதாகச் சொல்கிறார்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் என்ன பேசுவோம் என்று எனக்கு இப்போதே கவலை. நீங்கள் இரண்டு பேரும் தனியாகத்தானே இருக்கிறீர்கள், என்னதான் பேசுகிறீர்கள்? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எழுது.

பதிலை லெட்டராகவே போடு. போன் செய்தால் "ஸ்பீக்கர்ல போடுங்க சிஸ்டர்" என்பார். போன தடவை உன் முழங்காலுக்கு அவர் சொன்ன எருக்கிலை வைத்தியத்தை நீ மறந்திருக்க மாட்டாய். கவர் மேல் என் பெயரை மட்டும் எழுது, குடும்பத்துக்கு என்று போட்டால் அவர் பிரித்துவிடுவார்.

அன்புடன்,
கல்யாணி