எலும்பு பிடிக்கும்வரை

அன்புள்ள நண்பா,

உன் பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். அதற்கு அடுத்த வரியில் கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டதாகவும், அந்த இடத்தில் இம்ப்ளாண்ட், அதாவது எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல், வைக்கச் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் போய்வந்த வழி அது. அதனால் உடனே எழுதுகிறேன்.

அவசரப்படாதே. நான் முதலில் பார்த்த மருத்துவர் ஒரே ஒரு எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அறுவைக்குத் தேதி குறித்துவிட்டார். மனம் ஒப்பாமல் இன்னொருவரிடம் போனேன். அவர்தான் ஈறுகளைச் சுற்றிலும் அளந்து பார்த்து, ஈறு நோய் இருப்பதைச் சொன்னார். அதைச் சரிசெய்யவே நான்கு மாதங்கள் ஆயின. பிறகு ஸ்கேன் எடுத்து, எலும்பின் உயரம், அகலம், கீழ்த்தாடை நரம்பு ஓடும் இடம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் தொடங்கினார். பல் போன இடத்தில் எலும்பு மெல்லக் கரைகிறது என்பதையே அன்றுதான் அறிந்தேன். ஆகவே ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது.

எலும்புக்குள் போவது ஒரு டைட்டேனியத் திருகு. 1952இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பிரோனமார்க், முயலின் எலும்பில் பொருத்திய டைட்டேனியக் கருவியைக் கழற்ற முயன்றபோது அது எலும்போடு ஒன்றிப்போய் வர மறுத்தது. 1965இல் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார். அந்த ஒட்டுதலுக்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் பிடிக்கும். சிலருக்கு அன்றைக்கே தற்காலிகப் பல் வைக்கிறார்கள். அப்போதும் உள்ளே எலும்பு தன் வேகத்தில்தான் பிடிக்கும்.

நீ இன்னும் புகைக்கிறாயா? கோபித்துக்கொள்ளாதே, இதை நான் கேட்டே ஆகவேண்டும். புகைப்பவர்களுக்கு இம்ப்ளாண்ட் தோற்றுப்போகும் வாய்ப்பு அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் புண் ஆறத் தாமதமாகும். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால் மருத்துவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிடு. இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே.

பலரும் சொல்லாமல் விடுவது இன்னொன்று. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய தசைநார் உண்டு. கல்லைக் கடித்தால் நாம் சட்டென்று நிறுத்துவது பெரிதும் அதனால்தான். இம்ப்ளாண்டில் அது கிடையாது, பல்லுக்குள் நரம்பும் கிடையாது. சொத்தை வராது என்பது உண்மைதான். ஆனால் சுற்றியுள்ள ஈறு அழன்று எலும்பு கரைந்தாலும் பெரும்பாலும் வலிக்காது. துலக்கும்போது இரத்தம் கசிவதுதான் முதல் அடையாளம். அதைக் கண்டால் அன்றே போ. நான் தினமும் இரவில் பல்லிடுக்கில் நுழையும் சிறு தூரிகையால் அந்தப் பல்லைச் சுற்றிச் சுத்தம் செய்கிறேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுகிறேன்.

பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே உறை போட்டிருந்தால் பிரிட்ஜும், அதாவது அந்தப் பற்களைத் தாங்கலாகக் கொண்டு நடுவில் கட்டும் செயற்கைப் பல்லும், நல்ல வழிதான், கேட்டுப் பார். பொருத்துவதாக முடிவானால், திருகின் நிறுவனப் பெயரையும் அளவையும் எழுதி வாங்கிக்கொள். பிற்காலத்தில் திருகின்மேல் உள்ள பல் தளர்ந்தால், வேறு மருத்துவர் சரிசெய்ய அது தேவைப்படும்.

ஸ்கேன் எடுத்ததும் எலும்பைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எழுது. அறுவை நாளில் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். பேத்தியையும் பார்த்ததாக இருக்கும்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்