சிவகாசியில் வடிவமைப்பு மாணவர்களுக்குப் பொதுப் பயிற்சிக்கூடம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சிவகாசியிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் கிராஃபிக் டிசைன் பயிலும் மாணவர்கள் கட்டணமின்றி வந்து அமர்ந்து பழகுவதற்கான பயிற்சிக்கூடம் ஒன்றை அமைக்கும் பணியில் எங்கள் குழு ஈடுபட்டுள்ளது. அச்சகத் தொழிலில் உள்ளவர்களும், டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும்) பணியாளர்களும், ஆசிரியர்களும், அண்மையில் படிப்பை முடித்து வேலைக்குச் சென்ற இளைஞர்களும் இக்குழுவில் இருக்கிறார்கள். அச்சக உரிமையாளர் ஒருவர் தம் கட்டடத்தின் மாடியை ஐந்தாண்டுகளுக்கு வாடகையின்றித் தந்திருப்பதால் இடத்தைப் பற்றிய கவலை நீங்கிவிட்டது. கணினிகள், மென்பொருள்கள், நூல்கள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழில் எழுதப்பட்ட முறையான பாடங்கள் ஆகியவற்றுக்காகவே தங்கள் உதவியை நாடி இந்த வேண்டுகோளை வைக்கிறோம்.

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் இவ்வூரின் அச்சுத் தொழில் வளர்ந்தது. கல்லச்சுக் காலம் தொடங்கி இன்றைய பல வண்ண ஆஃப்செட் வரை ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் அருகில் நின்று பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டது. அந்த வழி இப்போது அடைபட்டுவருகிறது. ஃபிலிம் எடுத்து, ஒட்டி, பிளேட் (அச்சுத் தகடு) போட்ட காலத்தில் வடிவமைப்பாளரின் பிழை பல கைகளைக் கடந்தே இயந்திரத்துக்குச் சென்றது. யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். சிடிபி (கம்ப்யூட்டர் டு பிளேட்) முறை வந்த பிறகு கணினியில் உருவான பக்கம் நேரடியாகப் பிளேட்டாகிவிடுகிறது. ஆகவே முன்பு நான்கு பேர் பகிர்ந்துகொண்ட அறிவு முழுவதும் இன்று கணினியின் முன் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் இருந்தாக வேண்டியிருக்கிறது.

கல்லூரியிலும் பயிற்சி நிலையங்களிலும் மாணவர்கள் கற்பதில் பெரும்பகுதி திரையோடு முடிந்துவிடுகிறது. திரையில் அழகாகத் தெரியும் ஆர்ஜிபி (திரைக்குரிய சிவப்பு, பச்சை, நீலக் கலவை) கறுப்பில் அமைத்த சிறிய எழுத்து, அச்சுக்கு மாற்றும்போது நான்கு வண்ணங்களின் கலவையாகப் பிரிந்துவிடும். இயந்திரத்தில் வண்ணப் பதிவு (வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரம் கலங்கும். ண, ன, ழ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். தினசரி காலண்டருக்குப் பயன்படும் மெல்லிய தாள் மையை உறிஞ்சி அச்சுப் புள்ளிகளைப் பெரிதாக்கிவிடுவதால் இந்தக் குறை இன்னும் கூடும். சிறிய எழுத்தைக் கறுப்பு மை ஒன்றிலேயே அமைக்க வேண்டும் என்பது இவ்வூர் அச்சகங்களில் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் அதைத் தமிழில், படத்துடன், காரணத்தையும் விளக்கி எழுதிய பாடம் ஒன்றை மாணவர் கையில் கொடுக்க எங்களால் இயலவில்லை. பிளீடு (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீட்டிவிடும் ஓரம்) எவ்வளவு விடுவது, டை கோட்டைத் (பெட்டியை வெட்டவும் மடிக்கவும் வழிகாட்டும் கோடு) தனி வண்ணத்தில் ஏன் வைப்பது, மடிப்பில் எழுத்து விழாமல் எப்படிக் காப்பது என்பவற்றுக்கும் இதே நிலைதான்.

அடுத்த தடை மென்பொருள். அடோபி நிறுவனம் 2013 முதல் தன் வடிவமைப்பு மென்பொருள்களைச் சந்தா முறைக்கு மாற்றியது. மாதந்தோறும் பணம் கட்டினால்தான் மென்பொருள் திறக்கும் என்பது ஓர் அலுவலகத்துக்குச் செலவுக் கணக்கு; அச்சகத்தின் கட்டிங் பிரிவில் வேலை செய்பவரின் மகளுக்கோ கதவடைப்பு. விளைவை நாம் அனைவரும் அறிவோம். திருட்டுப் பிரதிகளில் பழகுகிறார்கள், அவற்றோடு வரும் வைரஸால் செய்த வேலையை இழக்கிறார்கள், நாளை முறையான நிறுவனத்தில் சேரும்போது தாம் கற்ற விதத்தை வெளியே சொல்லக் கூசுகிறார்கள். வேறு சிலர், 2001இல் வெளிவந்த பதிப்போடு வளர்ச்சி நின்றுபோன பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் இன்னும் பக்கம் கட்டப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். அவர்கள் வேலைக்குச் செல்லும் கடையில் அதுதான் இருக்கிறது.

தமிழ் எழுத்தின் சிக்கல் இவற்றோடு சேர்ந்துகொள்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. எழுத்துருவை மாற்றினால் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும். இந்தக் குழப்பத்துக்கு முடிவு காண 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியாக்கங்களையும் (எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் முறைகள்) தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. பின்னர் 2010இல் உலக மொழிகளுக்குப் பொதுவான யூனிகோடையும் டேஸ்16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. இருந்தும் பழைய கோப்புகள் அச்சகங்களில் மலைபோல் கிடக்கின்றன, வாடிக்கையாளர் அனுப்பும் செய்தியோ கைபேசியில் யூனிகோடில் தட்டியதாக இருக்கிறது. யூனிகோடில் கொம்பு (ெ, ே) மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்டு முன்னால் வரையப்படுகிறது. "கொ" போன்ற எழுத்தின் உயிர்க்குறி இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. இதைச் செய்யத் தெரியாத மென்பொருளிலோ, தெரிந்திருந்தும் உரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காத மென்பொருளிலோ ஒட்டும்போது கொம்பு தனியாகவும் புள்ளி வட்டம் தனியாகவும் நிற்கும். அடோபியின் பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்துவிடும் இச்சிக்கலுக்காக, யூனிகோடு செய்தியைப் பாமினிக்கு மாற்றி, அதில் நேர்ந்த பிழைகளைக் கையால் திருத்திக்கொண்டிருக்கும் மாணவர்களை வாரந்தோறும் பார்க்கிறோம்.

எந்த மென்பொருளைக் கற்பிப்பது என்பதில் எங்கள் குழுவுக்குள்ளேயே நீண்ட விவாதம் நடந்தது. யாரும் காசின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருள் மட்டும் போதும் என்று சிலரும், சந்தையில் கேட்பது கோரல் டிராவும் போட்டோஷாப்பும்தான் என்று சிலரும் வாதிட்டார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்ததால், பத்துக் கணினிகளிலும் இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், கிரிட்டா, கிம்ப் ஆகிய கட்டற்ற மென்பொருள்களை நிறுவி அடிப்படைப் பாடங்கள் அனைத்தையும் அவற்றிலேயே அமைப்பது என்றும், இரண்டு கணினிகளில் மட்டும் கட்டண மென்பொருள்களை முறையான உரிமத்துடன் வைத்து, வேலைக்குச் செல்லும் நிலையில் உள்ள மாணவர்களுக்கு முறைவைத்து ஒதுக்குவது என்றும் முடிவு செய்தோம். கூடத்தில் கற்ற கருவியை மாணவர் வீட்டுக் கணினியிலும் காசின்றி, குற்றவுணர்வின்றி நிறுவிக்கொள்ள முடிய வேண்டும் என்பதே இம்முடிவின் அடிப்படை.

கட்டற்ற மென்பொருள்களின் குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. இங்க்ஸ்கேப் திசையன் வரைகலைக்கு (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டுப் படங்களுக்கு) மிக நல்ல கருவி என்றாலும், அச்சுக்குரிய நான்கு வண்ணக் கோப்பை அதிலிருந்து நேரடியாகப் பெறுவது கடினம். 2025இல் வந்த கிம்ப் 3.0 கூட முழுமையான சிஎம்ஒய்கே (நான்கு வண்ண அச்சு) முறையில் இயங்குவதில்லை. ஆனால் கிரிட்டாவில் அவ்வண்ண முறையிலேயே வரையலாம். ஸ்கிரைபஸ் அச்சகங்கள் ஏற்கும் பிடிஎஃப் எக்ஸ் வகைக் கோப்புகளைத் தருவதோடு, 1.6 பதிப்பில் தமிழ் எழுத்துகளையும் சரியாகக் கோக்கிறது. இங்க்ஸ்கேப்பில் வரைந்து, ஸ்கிரைபஸில் பக்கம் கட்டி, அங்கிருந்து அச்சுக் கோப்பை எடுப்பது என்னும் வழிமுறையே எங்கள் பாடத்திட்டத்தின் முதுகெலும்பாக இருக்கும். எழுத்துருக்களுக்குக் காசு தேவையில்லை. கேட்டமரான், முக்த மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, நோட்டோ முதலிய தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வணிக வேலைக்கும் அவற்றைத் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பதை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள்தான் வேண்டும்.

பாடங்களோடு உள்ளூர் வடிவமைப்பு மரபின் தொகுப்பு ஒன்றையும் உருவாக்க எண்ணியுள்ளோம். பழைய தீப்பெட்டி லேபிள்கள், பட்டாசுப் பெட்டிகள், காலண்டர் படங்கள் ஆகியவை பல வீடுகளிலும் கிடங்குகளிலும் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. கோவில்பட்டியில் வாழ்ந்து காலண்டர் ஓவியத்துக்கு ஒரு முகம் தந்த கொண்டைய ராஜுவின் பெயரைக்கூட நம் மாணவர்களில் பலர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஓவியர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிப்பதால், 1976இல் மறைந்த அவருடைய படங்களை விரும்பியபடி வெளியிட முடியாது. உரிமையாளர்கள் எழுத்துமூலம் அனுமதி அளிப்பவற்றை மட்டுமே ஸ்கேன் செய்து கூடத்தில் பார்வைக்கு வைப்போம்.

திட்டத்தின் மொத்த மதிப்பீடு 9,55,000 ரூபாய். இதில் பெரும்பங்கு கணினிகளுக்கானது: புதுப்பிக்கப்பட்ட பத்துக் கணினிகளைத் திரையுடன் தலா 32,000 ரூபாய் வீதம் 3,20,000 ரூபாய்க்கு வாங்குகிறோம். புதியவை வாங்கினால் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்க நேரிடும் என்பதால் இதைத் தேர்ந்தோம். நிறத்தைத் துல்லியமாகக் காட்டும் இரண்டு திரைகளுக்கும் அவற்றை அளவிட்டுச் சரிசெய்யும் கருவிக்கும் 70,000, ஏ3 பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் 1,10,000, வயரிங் மற்றும் இன்வெர்ட்டருக்கு 85,000, கட்டண மென்பொருள்களின் ஈராண்டுச் சந்தாவுக்கு 1,50,000, நூல்களுக்கு 60,000 ரூபாய் ஆகும். எஞ்சிய 1,60,000 ரூபாய் தமிழ்ப் பாடங்களை எழுதி, படம் வரைந்து, அச்சகத்திலேயே காணொளி எடுப்பவர்களுக்கான ஊதியம். இந்த ஊதியம் தேவையா, தொண்டாகச் செய்ய மாட்டார்களா என்று சில நண்பர்கள் கேட்டார்கள். தொண்டாகத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன தமிழ்ப் பாடங்கள் போதுமான அளவு ஏற்கெனவே இருக்கின்றன என்பது எங்கள் கருத்து. முடிந்த பாடங்கள் அனைத்தும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும் திறந்த உரிமத்தில் வெளியிடப்படும். ஆகவே மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் மாணவருக்கும் அவை பயன்படும்.

குழு உறுப்பினர்கள் தம் பங்காக 1,55,000 ரூபாய் அளித்துள்ளோம். திரட்ட வேண்டியது எட்டு லட்சம். பலர் சிறிது சிறிதாகக் கொடுத்த பணம் ஒரு வடிவமைப்புக் கருவியைப் பொதுச் சொத்தாக்கியதற்கு முன்மாதிரி உண்டு. பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, அதன் மூல நிரலை விடுவிக்க முதலீட்டாளர்கள் ஒரு லட்சம் யூரோ கேட்டார்கள். 2002இல் பயனர்களின் நன்கொடையால் ஏழே வாரங்களில் அத்தொகை சேர்ந்து, அவ்வாண்டு அக்டோபரில் நிரல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. நாங்கள் கேட்பது அதைவிட மிகச் சிறிய தொகை.

நன்கொடையைக் குழுவின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்துமாறு வேண்டுகிறோம். உறுப்பினர் எவரும் தம் சொந்தக் கணக்கில் பணம் பெற மாட்டார். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு, வரவு செலவு மாதந்தோறும் கூடத்தின் வாயிலில் ஒட்டப்படும். 80ஜி பதிவு எங்களுக்கு இன்னும் கிடைக்காததால் இந்த நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கோர இயலாது என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறோம். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்கீழ் நாங்கள் பதிவு பெறவில்லை. எனவே அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற அன்பர்கள் பணம் அனுப்ப வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டுடன் வெளிநாட்டில் பணிபுரிவோர் தம் வங்கிக் கணக்கிலிருந்து முறைப்படி அனுப்பலாம்.

பொருளாகத் தர விரும்புவோர் இயங்கும் நிலையிலுள்ள கணினி, வரைபலகை, ஸ்கேனர், வடிவமைப்பு நூல்கள், தாள் மாதிரிப் புத்தகங்கள் ஆகியவற்றைத் தரலாம். பழைய குழல் திரைகளும், உரிமமற்ற மென்பொருள் குறுந்தகடுகளும் வேண்டாம். அச்சக நண்பர்கள் பிழையாக அச்சாகிக் கழித்த தாள்களை எடைக்குப் போடாமல் ஒரு கட்டு எங்களுக்கு ஒதுக்கித் தந்தால், என்ன பிழை நேர்ந்தது என்ற குறிப்புடன், அது எந்த நூலையும்விடப் பயனுள்ள பாடமாக இருக்கும்.

ஆடிப்பெருக்கு அன்று புதிய காலண்டர் ஆல்பங்கள் (மாதிரித் தொகுப்புகள்) வெளியானதும் ஊரில் வேலை நெருக்கம் தொடங்கிவிடும். அதன்பின் பொங்கல் வரை கற்பிக்க வரும் தொழிலாளர்களுக்கு ஓய்விருக்காது, மாணவர்களுக்கோ பகுதிநேர வேலை கிடைக்கும் காலம் அது. எனவே சித்திரைக்குள் கணினிகளை வாங்கி, வைகாசியில் முதல் வகுப்பைத் தொடங்கத் திட்டமிட்டுள்ளோம். பங்குனி இறுதிக்குள் சேரும் தொகைக்கு ஏற்ப ஐந்து கணினிகளுடனாவது தொடங்கி, மற்றவற்றை அடுத்தடுத்துச் சேர்ப்போம்.

இங்ஙனம்,
பயிற்சிக்கூட அமைப்புக் குழுவினர்,
சிவகாசி