துணியோடு வந்தவர்களுக்கும் துணையாய் நின்றவர்களுக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இரண்டு நாள் நடந்த ஒட்டுத்துணி (குவில்ட்) கலைஞர்களின் வட்டாரக் கூடல் மனநிறைவோடு முடிந்தது. ஈப்போ, தைப்பிங், கோலகங்சார், தெலுக் இந்தான், பினாங்கு, சுங்கைப் பட்டாணி என்று பல ஊர்களிலிருந்தும் ஊசியும் நூலும் துணிமூட்டையுமாக வந்திருந்தார்கள். உதவியவர்களில் பெரும்பாலோர் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே அவர்கள் செய்ததைச் சொல்லி நன்றி கூறுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்பது அவர்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

முதலில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியைக்கு. எங்களுக்குக் கிடைப்பதாக இருந்த மண்டபம் கடைசி வாரத்தில் இல்லையென்று ஆகிவிட்டது. அழைப்பெல்லாம் போய்விட்டது, வெளியூர்க்காரர்கள் பலர் ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் பள்ளி மண்டபத்தை நமக்காகத் திறந்துவிட்டவர் அவர். வாடகை என்ற பேச்சையே எடுக்கவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் மேசைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டு, கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தியும் கொடுத்தார்கள். துணி வெட்டுகிறவர்களுக்கு மேசையின் உயரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது, தரையில் குனிந்தே வெட்டி இடுப்பு வலி வாங்கிக்கொண்டவர்களுக்குத்தான் புரியும்.

கோயில் மகளிர் குழுவினர் இரண்டு நாளும் சமைத்துப் போட்டார்கள். மலாய்ச் சகோதரிகள் வருகிறார்கள், சீனச் சகோதரிகளில் சிலர் மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் என்பதையெல்லாம் யோசித்து எல்லாருக்கும் ஒரே சைவப் பந்தியாக வைத்தது அவர்களுடைய முடிவு. அவர்களுக்கு என் தனிப்பட்ட வணக்கம்.

"இதற்கெல்லாம் ஒரு கூடலா?" என்று ஊரில் சிலர் அக்கறையோடு கேட்டார்கள். அவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி. இந்த மூன்றையும் சேர்த்துத் தைத்தால் அது குவில்ட். நெடுங்காலம் அது போர்த்திக்கொள்ளும் பொருளாகத்தான் இருந்தது. 1971-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய அமெரிக்கக் குவில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டுக் காட்டியபோது பலருடைய பார்வை மாறியது. 1979-ல் ஓஹாயோவில் குவில்ட் நேஷனல் என்ற கண்காட்சி தொடங்கியது. 1989-ல் யுவோன் போர்செல்லா என்ற கலைஞர் ஸ்டூடியோ ஆர்ட் குவில்ட் அசோசியேட்ஸ் என்ற சங்கத்தை நிறுவினார். அந்தச் சங்கம் உறுப்பினர்களை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து வைத்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் கூடி, கையிலிருக்கும் வேலையைக் காட்டி, தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்து, தெரியாததைக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் அங்கே உண்டு. அந்த வழக்கத்தைத்தான் நம் ஊருக்குக் கொண்டுவந்தோம். போட்டி வைக்கவில்லை, பரிசு வைக்கவில்லை. பரிசு என்று ஒன்று இருந்தால் யாரும் தன் கைப்பக்குவத்தை இன்னொருவருக்குச் சொல்ல மாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படி மறைக்காமல் சொல்லிக்கொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடலின் பெரும்பகுதி.

தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் ஐயா ஒருவர் எங்கள் ஊர்க்காரர். காலால் மிதிக்கும் பழைய கறுப்பு இயந்திரங்களை வீட்டிலிருந்து சிலர் கொண்டுவந்திருந்தார்கள். நினைத்த திசையில் துணியை நகர்த்தி, கோடு வரைவதுபோல் தைக்க வேண்டுமென்றால், ஊசிக்குக் கீழே துணியை இழுக்கும் பற்கள் இறங்கியிருக்க வேண்டும். மிகப் பழைய இயந்திரங்கள் சிலவற்றில் அதற்கு வழியே இல்லை. ஐயா தடித்த அட்டையில் ஊசி இறங்க மட்டும் ஒரு துளையிட்டு, அதைப் பற்களின்மேல் ஒட்டிவிட்டார். பாட்டியின் இயந்திரம் அந்த நிமிடமே புது வேலைக்குத் தயாராகிவிட்டது. ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் புது இயந்திரம் வாங்கினால்தான் இந்தக் கலை கைகூடும் என்று மனம் தளர்ந்திருந்த தங்கைகளுக்கு அந்த ஓர் அட்டைத்துண்டு எவ்வளவு பெரிய தைரியத்தைக் கொடுத்தது! எண்ணெய் விட்டதற்கும் பெல்ட் மாற்றியதற்கும்கூட அவர் ஒரு காசு வாங்கவில்லை.

கோலகங்சாரிலிருந்து வந்த மலாய் அம்மையார் தெக்காட் வேலை செய்கிறவர். வெல்வெட் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அட்டையில் வெட்டிய பூவையும் இலையையும் அதன்மேல் வைத்து, பொன்னிழையை அந்த அட்டை மறையும்படி இப்புறமும் அப்புறமுமாகப் போட்டு, ஒவ்வொரு ஓரத்திலும் அடியிலிருந்து வரும் நூலால் பிடித்துக்கொள்ளும் வேலை அது. பொன்னிழை துணியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவதே இல்லை, மேலேயே கிடக்கிறது. பழைய பட்டுச் சேலைகளின் சரிகைக் கரையை என்ன செய்வது என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை அங்கே இருந்தது. சரிகையை ஊசியால் திரும்பத் திரும்பக் குத்தினால் இழை பிய்ந்துவிடும். மேலே படுக்கவைத்து ஓரத்தில் பிடித்தால் பிழைத்துக்கொள்ளும். தம் தாயாரிடம் கற்றதை எங்களுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்துவிட்டு, நம் அம்மாக்களின் ஓட்டுத் தையலைத் தமக்குக் கற்றுத்தரும்படி அவர் கேட்டார். அதுதான் அவர் கேட்ட குருதட்சிணை. அம்மாக்களுக்கு அன்று முழுவதும் முகமெல்லாம் மலர்ச்சி.

பினாங்கிலிருந்து வந்த சகோதரி கவண்டி என்ற குவில்ட்டைத் தைக்கக் காட்டினார். கர்நாடகத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைப்பது அது. பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளை ஓரமாகவே வைத்துத் தைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நான்கு மூலைகளிலும் பூலா என்ற சிறு துணிப்பூ வைக்காமல் முடிக்க மாட்டார்கள். அவர் காட்டியதில் எனக்கு மிகவும் பிடித்தது, கனத்த பஞ்சு விரிப்பு அதில் தேவைப்படாததுதான். நம் வெப்பத்துக்குப் பஞ்சு எதற்கு? நைந்த சேலைகள் இரண்டு மூன்றை அடுக்கினால் போதும். தைக்கவும் எளிது, துவைத்துக் காயவைக்கவும் எளிது. வெளிநாட்டிலிருந்து பஞ்சு விரிப்பு வரவழைக்கச் செலவழிக்கும் பணத்தை நல்ல நூல் வாங்கச் செலவிடுங்கள் என்று எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

இனி, ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்து, தோட்டத்தில் உழைத்து, இன்று டவுனில் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நம் மூத்த அம்மாக்கள். அவர்கள் வருவார்களா என்ற தயக்கம் எங்களுக்கு இருந்தது. வந்தார்கள். லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) போர்த்திக்கொண்ட போர்வைகளை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார்கள். வாயில் சேலை, கைலி, மாவுச் சாக்கு, பிள்ளைகளின் பள்ளிச் சட்டை எல்லாம் அவற்றில் இருந்தன. ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும்போது போட்ட முழுக்கைச் சட்டைகளின் துண்டுகளும் இருந்தன. அந்தத் துண்டுகளில் ரப்பர்ப் பால் சொட்டிக் கறுத்த கறை. எத்தனை முறை துவைத்தாலும் போகாத கறை அது. காய்ந்த பால் இருக்கும் இடத்தில் ஊசியும் சிக்கிக்கொள்ளும். அதனால் அம்மாக்கள் அன்றே அந்தக் கறைகளைச் சுற்றிச் சுற்றித் தையலை ஓட்டியிருக்கிறார்கள். குளத்தில் கல் விழுந்தால் பரவும் வளையங்களைப் போல ஒவ்வொரு கறையைச் சுற்றியும் நூல் வட்டங்கள். வடிவமைப்புப் படித்த இளையவர்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தாய்மார்களே, உங்கள் பெட்டியில் அப்படிப்பட்ட துணி இருந்தால் தயவுசெய்து கறையைப் போக்க முயலாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். பேராக்கின் ரப்பர் வரலாறு 1877-ல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளிலிருந்து தொடங்குகிறது என்று புத்தகங்கள் சொல்கின்றன. அந்த மரங்களைச் சீவிய கைகளின் வரலாற்றில் ஒரு பங்கு இந்தச் சட்டைத் துண்டுகளில் இருக்கிறது.

அவற்றை வெட்டிப் புது வேலையில் சேர்க்கலாமா கூடாதா என்று நீண்ட வாதம் நடந்தது. போர்வையாக முழுமை பெற்றதை வெட்டக் கூடாது, தனித் துண்டாகக் கிடப்பதைச் சேர்க்கலாம் என்பது என் கருத்து. எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கோபமில்லாமல் அவ்வளவு நேரம் பேசியதற்கு இரு தரப்பாருக்கும் நன்றி.

இரண்டாம் நாள் காலையில் தைப்பிங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை சாங்கி குவில்ட்டுகளைப் பற்றிப் பேசினார். 1942-ல் சிங்கப்பூர் சாங்கிச் சிறையில் ஜப்பானியர் அடைத்து வைத்திருந்த பெண்கள் தைத்தவை அவை. ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். பெண்கள் தத்தம் சதுரத்தில் பெயரையும் தங்களைப் பற்றிய ஏதாவது ஒன்றையும் தைத்தார்கள். வேறு முகாமில் இருந்த கணவன்மாருக்குத் தாங்கள் உயிரோடிருக்கும் செய்தி அப்படியாவது போய்ச் சேராதா என்ற ஏக்கம் அவற்றில் இருந்தது. இரண்டு குவில்ட்டுகள் இன்று கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் இருக்கின்றன. ஆசிரியை அதைச் சொல்லி முடித்ததும், மூத்த அம்மா ஒருவர் எழுந்து, தம் தாய்மாமனைச் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவே இல்லை, அவர் பெயரை நான் தைக்கலாமா என்று கேட்டார். ஜப்பானியர் ஆட்சியில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போடப்பட்ட அந்த மரண ரயில் பாதையில் மாண்ட நம் தோட்டத்து மக்களில் எத்தனையோ பேருடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மண்டபத்தில் யாராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு எல்லாரும் ஒரே குரலில், தையுங்கள் அம்மா என்றோம்.

கூட்டுக் குவில்ட் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. கலந்துகொண்டவர்கள் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தின் தோட்டப் பெயரை ஒரு சதுரத்தில் தைக்கப்போகிறோம். விரும்புகிறவர்கள் சயாமுக்குப் போனவர்களின் பெயரையும் சேர்ப்பார்கள். சில தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில் கைமாறியவையும் உண்டு. அந்தத் துண்டாடலைக் கண்டு 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய, அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த ஊரில் இந்தக் குவில்ட் தைக்கப்படுவது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

மாலையில் கையிலிருந்த வேலைகளைக் காட்டினோம். முடித்ததைவிட முடிக்காததைத் துணிந்து கொண்டுவந்தவர்களுக்கே என் நன்றி அதிகம். ஓர் இளைஞர் பாலியஸ்டர் சேலைத் துண்டுகளால் செம்பனைக் குலை செய்துகொண்டிருந்தார். சூடு பட்டால் துணி சுருங்கி உருகுகிறதே என்று எல்லார் முன்னும் கேட்டார். மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, குறைந்த சூட்டில் இஸ்திரி போடும்படி நான்கு பேர் ஒரே சமயத்தில் சொன்னார்கள். ஈப்போ அக்கா தம் சுவர்க் குவில்ட்டைப் பழைய வேட்டியில் சுற்றிக் குழாயில் உருட்டிக் கொண்டுவந்தார். மடித்து வைத்தால் மடிப்புத் தடம் விழும், பிளாஸ்டிக் பையில் கட்டினால் நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும் என்று அவர் சொன்னதைப் பலரும் எழுதிக்கொண்டார்கள்.

ரவிக்கை தைத்து மிஞ்சிய துணிகளை மூட்டை மூட்டையாகக் கொடுத்த தையல் கடைக்காரர்களுக்கும், பாத்தேக் துணி வெட்டுகளைப் பாதி விலைக்குத் தந்த சீனத் துணிக்கடை முதலாளிக்கும், ரயில் நிலையத்துக்கும் பள்ளிக்கும் வேன் ஓட்டிய தம்பிக்கும், குழந்தைகளைப் பாலர் வகுப்பறையில் வைத்துப் பார்த்துக்கொண்ட கல்லூரி மாணவிகளுக்கும் மனமார்ந்த நன்றி.

கூட்டுக் குவில்ட்டுக்குச் சதுரம் அனுப்புகிறவர்கள் துணியை முன்கூட்டியே துவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு, நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு அனுப்புங்கள். தோட்டத்தின் பெயரை வீட்டில் சொல்லிவந்த தமிழ்ப் பெயரிலேயே தைக்கலாம். தொங்கவிடுவதற்கான நான்கு அங்குலத் துணிக்குழலைப் பின்புறத்தில் நாங்களே வைத்துத் தைத்துவிடுவோம். அடுத்த கூடலைத் தைப்பிங் நண்பர்கள் ஏற்றிருக்கிறார்கள். மண்டபத்தில் யாரோ விட்டுச்சென்ற மூக்குக்கண்ணாடி ஒன்றும், சிவப்புக் கைப்பிடிக் கத்தரிக்கோல் ஒன்றும், பாதி தைத்த கவண்டி ஒன்றும் பள்ளி அலுவலகத்தில் இருக்கின்றன. உரியவர்கள் பள்ளி நேரத்தில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
ஏற்பாட்டுக் குழுவின் சார்பில்,
சுங்கை சிப்புட், பேராக்