வாட்ச் வந்து சேர்ந்தது

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய வாட்ச் வந்து சேர்ந்தது. கையில்தான் இருக்கிறது. என் நாடித்துடிப்பு அங்கே உன் போனில் தெரியும் என்றாயே, கேட்டதும் எனக்கு ஹூஸ்டன் ஞாபகம் வந்துவிட்டது, அதுதான் விண்வெளிக்குப் போனவர்களைத் தரையிலிருந்து கவனிக்கும் நாசாவின் கட்டுப்பாட்டு மையம். இருபத்தெட்டு வருஷம் ஈசிஜி எடுத்தவளுக்கு வேறென்ன ஞாபகம் வரும்?

1961-இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்டு மேலே போனபோது நெஞ்சில் துடிப்பைப் பிடிக்க எலக்ட்ரோடு, உடல் சூடு பார்க்க ஆசனவாயில் ஒரு வெப்பமானி. பறந்தது என்னவோ கால் மணி நேரம்தான். பாவம் அந்த மனுஷன்! 1963-இல் கார்டன் கூப்பர் போகும்போதுதான் அது வாய்க்கு மாறியது. ஒட்டினால் ஒட்டியபடி நிற்கும் என்பதும் இல்லை. 1965-இல் பிராங்க் போர்மனின் தலையில் மூளை அலை பார்க்க ஒட்டியது மூன்றாம் நாளே கழன்றுவிட்டது. பயணமோ 14 நாள்.

நான் சொல்ல வந்தது ஜிம் இர்வின் கதை. 1971, அப்போலோ 15. நிலவில் வேலையை முடித்துக்கொண்டு தாய்க்கலத்துக்குத் திரும்பியவரின் ஈசிஜியில் பைஜெமினி வந்தது. ஒழுங்கான துடிப்பு ஒன்று, அதன் பின்னாலேயே முந்திக்கொண்டு வரும் தப்புத் துடிப்பு ஒன்று, இப்படி ஜோடி ஜோடியாக. எங்கள் வார்டில் அப்படி ஒரு ஈசிஜி ஸ்டிரிப் வந்தால் டாக்டரைக் கூப்பிட ஓடுவேன். ஹூஸ்டனில் டாக்டர்கள் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆனால் மேலே இருந்தவர்களிடம் மூச்சுவிடவில்லை. திரும்பி வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கமாண்டர் டேவிட் ஸ்காட்டுக்கு அதில் வருத்தம். பொட்டாசியம் குறைந்ததுதான் காரணம் என்று நினைத்து, அடுத்த அப்போலோவில் ஆரஞ்சு ஜூஸில் அதைக் கலந்து கொடுத்தார்கள். இர்வினுக்கு 1973-இல் மாரடைப்பு வந்தது.

பதற வைக்கக் கூடாது என்று நினைத்திருப்பார்கள், புரிகிறது. ஆனாலும் அது அவருடைய நெஞ்சு இல்லையா?

அதனால் ஒன்று கேட்கிறேன். உன் போனில் ஏதாவது கோணலாகத் தெரிந்தால் முதலில் எனக்குச் சொல். அக்காவிடம் சொல்லி, அவள் "சும்மாதான் வந்தேன்" என்று வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அப்புறம், குளிக்கப் போகும்போது இதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன். துடிப்பைக் காணோம் என்று பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுவிடாதே.

அம்மா